பிஜிக் கடலில் தம்பி, பஸ் தரிப்பிடத்தில் நான்

சகோதர சகோதரிகளே, கோபம் ஆறின பிறகு இதை எழுதலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்புக்காரி, பல வருசமாகக் கனடாவில், மொன்றியலில் இருக்கிறேன். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழியில் சுனாமி என் அம்மாவையும் அப்பாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மிஞ்சினது என் தம்பி ரூபன் மட்டும். அவனைக் கனடாவுக்குக் கூப்பிட எவ்வளவோ முயன்றேன். பதினெட்டு வயது தாண்டின கூடப்பிறந்தவனை ஸ்பொன்சர் பண்ணச் சட்டத்தில் இடமில்லை என்று கடிதம் வந்தது. அவனோ ஒரு ஏஜென்டைப் பிடித்துக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். பெற்றவர்களை விழுங்கின கடலிலேயே போய் வேலை செய்கிறானே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று மாதம் அவனோடு கதைக்கவில்லை.

அது பிஜித் தீவுகளுக்கு இடையே அரிசியும் மண்ணெண்ணெயும் கூரைத் தகரமும் ஏற்றி இறக்குகிற பழைய கப்பல். இவனுக்கு எஞ்சின் அறையில் வேலை.

கோபம் ஒருபக்கம் இருக்க, நான் கடல் வாசிக்கப் பழகினேன். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றுமுன் கொம்பியூற்றரைப் போடுவேன். பிஜி, தொங்கா, சமோவா, வனுவாத்து என்று எல்லாத் தீவுகளின் வானிலையும் ஒரு பக்கத்தில் வரும். காற்று எந்தத் திசை, எத்தனை நொட் வேகம், அலை எத்தனை மீற்றர், கடல் கொந்தளிப்பா, கடும் கொந்தளிப்பா. வெளியே ஜன்னலில் பனி ஒட்டியிருக்கும். நான் வெப்பக் கடலின் மழையைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடு மாட்டினேன். ஒன்று மொன்றியல் நேரம். மற்றது பிஜி நேரம், எங்களுடையதற்கு ஏழு மணித்தியாலம் பின்னே.

சுனாமிக்குப் பிறகு வந்த மூன்றாவது பெப்ரவரி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தில் எழுத்து சிவப்பாகியிருந்தது. சூறாவளி எச்சரிக்கை. வியாழன் மதியம் அதன் மையம் ரூபனுடைய கப்பல் போகிற வழியால் கடக்கும் என்று இருந்தது. ரெலிபோன் காட் சுரண்டி அந்தக் கப்பல் கம்பனியின் கந்தோருக்குக் கோல் எடுத்தேன். கப்பல் புறப்பட்டுவிட்டது, இந்தக் காலத்தில் இதெல்லாம் வழக்கம்தான் என்றான் ஒருவன். வழக்கமாம்! உன் தம்பியை ஏற்றி அனுப்புவாயா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

எனக்குத் தெரிந்தது ஜெபம்தான். எங்கள் சபையின் ஜெப ஐக்கியத்தில் யாருக்கும் ஆபத்து என்றால் சங்கிலி ஜெபம் வைப்போம். உபவாசமிருந்து, ஒரு மணித்தியாலம் ஒரு வீடு, விட்டுப்போகாமல் அடுத்த வீடு. மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அங்கே வியாழன் மதியம் என்றால் இங்கே வியாழன் மாலை ஏழு மணி. மதியம் தொடங்கி நள்ளிரவு வரை பன்னிரண்டு வீட்டுக்கு நேரம் பிரித்து எழுதினேன். ஏழு மணியை எனக்கு வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளோடு புதன் மாலைக் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் சம்மதித்தார்கள். கூட்டத்தை நடத்துகிற மேரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"தங்கச்சி, மனதைத் திடப்படுத்திக்கொள். அம்மா அப்பா போனதும் அவருடைய சித்தம். ரூபன்ட விசயத்திலயும் அவருடைய சித்தம்தான் நடக்கும்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னா. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "அக்கா, அந்தச் சொல்லை இன்னொருக்கா சொல்லாதேங்கோ" என்று சொல்லி, குளிர்க்கோட்டின் பொத்தானைக்கூடப் பூட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

கோட்-வெர்த்து வீதியில் பஸ் தரிப்பிடம். கண்ணீர் இமையில் உறைகிற குளிர். ஏழு மணிக்கு வரவேண்டிய பஸ் வரவில்லை. அங்கே நின்று நான் ஆண்டவரைத் திட்டினேன். மனதுக்குள் அல்ல, வாய் விட்டு. 'நீர்' என்று மரியாதையாகக்கூட இல்லை.

"கேக்காமல் ரெண்டு பேரை எடுத்தாய். இவன்ல கை வைக்காதே. உன்னட்டக் கெஞ்ச மாட்டன். எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன், திருப்பித் தா!"

பக்கத்தில் நின்ற ஒரு கியூபெக் கிழவர் பயந்துபோய், "சா வா, மடாம்?" என்று சுகம் கேட்டார். "இல்லை" என்று தமிழிலேயே சொன்னேன். இருபது நிமிஷம் பிந்தி பஸ் வந்தது.

மறுநாள் வியாழன். வேலைக்குப் போகவில்லை. மதியம் சங்கிலி தொடங்கியது. ஒவ்வொரு வீடாக ரெலிபோன் எடுத்து, முழங்காலில் நிற்கிறார்களா என்று விசாரித்தேன். மாலை ஐந்து மணிக்கு ரெலிபோன் அடித்தது.

"அக்கா, நான் ரூபன்."

"ரூபன்! கரைக்குப் போடா! இன்னும் ரெண்டு மணித்தியாலத்தில சூறாவளி வருகுது!"

"அது நேற்றே வந்திட்டுப் போயிட்டுது அக்கா. நாங்கள் துறைமுகத்தில நிக்கிறம்."

"என்னடா நேற்று? இண்டைக்குத்தானே வியாழன்!"

"இஞ்ச வெள்ளி, அக்கா."

சுவரைப் பார்த்தேன். பிஜி மணிக்கூடு காலை பத்து காட்டியது. நேரம் சரி. மணிக்கூட்டில் கிழமை இல்லையே! அவர்கள் எங்களுக்கு ஏழு மணித்தியாலம் பின்னே இல்லை, பதினேழு மணித்தியாலம் முன்னே. பன்னிரண்டு வீட்டாரைப் பட்டினி போட்டு, முடிந்துபோன சூறாவளிக்கு ஜெபம் நடத்திக்கொண்டிருந்தேன். என் தம்பி சாகக் கிடந்த நேரத்தில் ஒரு வீட்டிலும் ஒருவரும் முழங்காலில் நிற்கவில்லை. சுவரிலிருந்து அந்த மணிக்கூட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

ரூபன் சொல்லிக்கொண்டே போனான். வியாழன் காலை எஞ்சின் நின்றுவிட்டது. காற்று கப்பலை முருகைக்கல் பவளப்பாறைப் பக்கம் தள்ளியது. அலை உடைவது கண்ணுக்குத் தெரிந்ததாம். எல்லாரும் மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

"பிறகு காத்து அப்படியே செத்துப்போச்சுது அக்கா. கொஞ்ச நேரத்தால மற்றப் பக்கத்தாலே அடிச்சு எங்களைக் கல்லிலிருந்து வெளியே தள்ளினது. அதுக்குள்ளே எஞ்சினைத் திருத்திப்போட்டம்."

"எத்தினை மணிக்குக் காத்து திரும்பினது?"

"மத்தியானம் பன்னிரண்டே கால். கப்டன் புத்தகத்தில எழுதினவர்."

விரலை மடக்கி எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். அங்கே வியாழன் பன்னிரண்டே கால், இங்கே புதன் மாலை ஏழேகால். நான் கோட்-வெர்த்துவில் நின்று கத்தின நேரம்.

குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

சூறாவளியின் நடு கடக்கும்போது காற்று திரும்பும் என்று எனக்கும் தெரியும். அதே வானிலைப் பக்கத்தில்தான் வாசித்தேன். ஆனால் பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கப்பல் மோத முன் திரும்பியதே, அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போதகர் என்னைத் தனியே அழைத்து, "சகோதரி, அந்தத் திட்டின பகுதியை விட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. சனம் இடறிப்போகும்" என்றார். அதை விட்டால் சொல்ல என்ன இருக்கிறது, போதகர் ஐயா? ஒழுங்காக நேரம் பிரித்து, அழகாகக் கேட்ட ஜெபம் ஒரு நாள் பிந்திப்போனது. மரியாதை கெட்டுக் கத்தினதைத்தான் ஆண்டவர் நேரத்துக்குக் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். மேரியக்கா முன்வரிசையில் இருந்து தேம்பித் தேம்பி அழுதா. கூட்டம் முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து, அந்தச் சொல்லைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டா.

ரூபன் இன்னும் கப்பலில்தான். ஆனால் இப்போது வாராவாரம் கதைக்கிறோம். நான் இப்போதும் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அந்தத் தீவுகளின் கடலை வாசிக்கிறேன். எங்கே கொந்தளிப்பு என்று கண்டாலும், அங்கே நிற்கிற முகம் தெரியாத பிள்ளைகளுக்காகவும் அந்த நிமிஷமே ஆண்டவரிடம் கேட்டுவிடுகிறேன்.

உங்களிலும் கோபத்தில் வாய் மூடிக்கொண்டிருக்கிறவர்கள் இருப்பீர்கள். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதேங்கோ. உள்ளதை உள்ளபடி அவரிடம் கொண்டுபோங்கோ. அவர் தாங்குவார். எனக்கு அம்மாவும் அப்பாவும் ஏன் போனார்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. தினமும் கேட்கிறேன். பதில் சொல்லும்வரை நான் அவரை விடப்போவதில்லை.