லாத்தா கேட்ட விளக்கு

படப்பைக்கு அப்பால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவள் 'லாத்தா'. கூட இருந்த அவள் தம்பி அப்படிக் கூப்பிடுவான். லதா என்ற பெயரைத் தெற்கத்திக்காரர்கள் இழுத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து நாங்களும் இழுத்தோம். வீட்டுக்காரி சந்திரம்மாள் அந்தப் பெயரை நம்பித்தான் வீடே கொடுத்தாள்.

அவளும் திருத்தவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: அதற்கு முன் வீடு தேடிய நாலு இடத்தில் சொந்தப் பெயரைக் கேட்டதும், "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். போதாக்குறைக்கு ஒரு அலுவலகத்தில் எந்த ஊர் என்றார்களாம். மேலப்பாளையம் என்றாளாம். "அதுக்கு முன்னாடி?" என்றார்களாம், ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவள் மாதிரி. எனக்குக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு எந்த அலுவலகப் படியையும் அவள் மிதிக்கவில்லை. பெயரையும் ஊரையும் துருவுகிறவர்களா தெருவிளக்குப் போடப்போகிறார்கள் என்பாள்.

ஆனால் தெருவுக்கு விளக்கு வேண்டும். ஒரகடம் கம்பெனிகளில் இரண்டாம் ஷிப்டு முடித்து வரும் பெண்கள் இருட்டில் நாய்க்குப் பயந்து ஓடினார்கள். எங்களில் பேசத் தெரிந்தவள் அவள்தான். சந்திரம்மாள்தான் அவள் கையைப் பிடித்துக் கிராம சபைக்கு இழுத்துப்போனாள். போன இடத்தில் லாத்தா பேசி வெளுத்துவாங்கினாள்.

தீர்மானம் எழுத, ஊராட்சிச் செயலர் பேனாவைத் திறந்தார். "பேரு லதாதானே?"

பொய்ப் பெயரில் எழுதினால் தீர்மானம் நிற்காது. உண்மையைச் சொன்னால் வீடு நிற்குமா? வீட்டுக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எம்பேரு செய்யதலி பாத்திமா," என்றாள். "லாத்தான்னா எங்கூர்ல அக்கான்னு அர்த்தம்."

சந்திரம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு வயது அறுபதுக்கு மேல்.

"அப்போ இத்தினி நாளா உன்னியப் போய் நானு அக்கா அக்கான்னா கூப்ட்டுகினு இருந்தேன்?"

பந்தலே சிரிப்பில் குலுங்கியது. பாத்திமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெறும் சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். செயலர் பெயரைப் பாதியில் சுருக்கப் பார்த்தார்; விடவில்லை, முழுசாக எழுதவைத்தாள். கை தூக்கச் சொன்னபோது வீட்டுக்காரியின் கைதான் முதலில் எழுந்தது.

நாங்கள் குதித்தோம். "பல்பு எரியட்டும், பொறவு பாப்போம்," என்று மட்டும் சொன்னாள் பாத்திமா. மழைக்கு முன்பே கம்பம் வந்தது, பல்பும் எரிந்தது. ஷிப்டு முடிந்த பெண்கள் அதன்கீழ் நின்று வாய் ஓயாமல் அரட்டை அடித்தார்கள்.

மறுநாள் அவளே, யாரும் இழுக்காமல், ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அடுத்த கிராம சபை எப்போது என்று கேட்டாளாம். தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் வேண்டுமாம்.