மேகத்துக்குள் எரிந்த மஞ்சள் விளக்கு

அன்று விமானத்தில் இருந்தவர்கள் இவர்கள். ஓட்டியவர் ஒரு பார்ஸிக்காரர். எல்லாரும் பாவா என்போம். பக்கத்து ஸீட்டில் மாட்டுங்கா ராமநாதன், வயர்லெஸ் பார்க்கிறவர். பின்னால் தாராவித் தோல் வியாபாரி மைதீன் பாய், தம் சரக்கோடு வந்தவர். அப்புறம் நான், வேதமணி. சரக்கு ஏற்றிக் கயிறு கட்டுகிறவன். ஆண்டவரும் இருந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தெட்டாம் வருஷம், ஜூலை. பெங்களூரிலிருந்து பம்பாய் வந்தோம். வந்துவிட்டோம், ஊரைத்தான் காணோம். வெளியே மேகமும் மழையும். கீழே எங்கேயோ டிராம்பே குன்று. பெட்ரோல் குறைவு. தாராவியில் என் மனைவி நிறைமாதம்.

பாவாவுக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு. விமான நிலையத்துக்குச் சற்று முன்பு தரையில் மார்க்கர் பீக்கன் என்று ஒரு கருவி இருக்கிறது. அது மேல்நோக்கி ரேடியோ அலை விடும். அதற்கு நேர் மேலே போகும்போது விமானத்திலுள்ள பெட்டி அதைப் பிடித்து விளக்கை எரிக்கும். சில விநாடிதான். எரிந்தால் வழி சரி, இறங்கலாம். எரியாவிட்டால் இறங்கக் கூடாது.

பாவாவால் மீட்டர் முட்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. "ராம்நாத், பத்தி தேக்தே ரஹோ" என்றார். விளக்கையே பார்த்துக்கொண்டிரு என்று அர்த்தம்.

ராமநாதனுக்கு வியர்த்தது. என் பக்கம் திரும்பினார்.

"வேதமணி, உம்ம சாமியையும் கொஞ்சம் கூப்பிடுமேன். குருவாயூரப்பன்கிட்ட நான் சொல்லியாச்சு."

"ஜெபிப்போம்" என்றேன். சபையில் பழகிய வாய். அடுத்ததும் தானாக வந்தது. "எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடினேன். ராமநாதன் மரியாதை தெரிந்தவர். அவரும் மூடிக் கைகூப்பினார். பாவா மூடினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"ஆண்டவரே, விளக்கைக் காட்டும்" என்று உருக்கமாக ஜெபித்தேன். நீளமாகவும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. கைவிட்டுவிட்டாரே என்று நினைத்தேன்.

பின்னால் மைதீன் பாய் இரண்டு கையையும் ஏந்தி உட்கார்ந்திருந்தார்.

"ஏன்வே, அந்த மஞ்ச லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுதே, அது எதுக்கு?"

"எப்போ ஓய்?" என்று ராமநாதன் அலறினார்.

"நீங்க ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டு இருந்தீயளே, அப்பத்தான்."

"நீர் மூடலையா?"

"நாங்க துஆ கேக்கையில கையத்தான்வே ஏந்துவோம். கண்ண எதுக்கு மூடணும்?"

பாவாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. "அரே பாப்ரே! ஆங்க் கோலோ, ஸப் லோக்!" எல்லாரும் கண்ணைத் திறங்கள் என்று கத்திக்கொண்டே விமானத்தைத் திருப்பினார். இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் பெட்ரோல்.

மறுபடியும் ஜெபித்தோம். சத்தமில்லாமல், விளக்கைப் பார்த்தபடி. யாரும் இமைக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தியாலா, இமைக்காததாலா, தெரியாது.

எரிந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். பாவா இறக்கினார். மேகம் கிழிந்தது. நேர் எதிரே ஓடுபாதை நனைந்து கிடந்தது.

அந்த வாரமே மகள் பிறந்தாள். நடந்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். போதகர் கேட்டார். "அதுக்காவ இன்னமும் கண்ணத் தொறந்துக்கிட்டா ஜெபிக்கீரு?"

"பதில் வந்தா பாக்க வேண்டாமாய்யா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை. கேட்கும்போதே பதில் தந்தார். வியாதியோ ஆபத்தோ, நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பாருங்கள். வெள்ளி தோறும் என் வீட்டில் ஜெபம் உண்டு. வாருங்கள். போன வெள்ளி கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தவர்கள் பதினொரு பேர்.