பழைய ரயில் பாலத்தில் சுத்தியலோடு

பாலத்தைச் சோதிக்கிற வேலையில் பாலத்தோடு மட்டும் பழகினால் போதும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். நீங்களும் வேலையில் சேரும்போது இப்படி எதையாவது நம்பி ஏமாந்திருப்பீர்கள். ஆயர் குரோ அலுவலகத்திலிருந்து நானும் உதவியாளர் செல்வமும் போனது, புலாவ் செபாங் பக்கம் ஒரு பழைய கான்கிரீட் ரயில் பாலத்துக்கு. ரயில் இப்போது புதுப் பாதையில் ஓடுகிறது. பழையதை இடிப்பதா, நடப்பதற்கு விட்டுவைப்பதா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

டங், டொக்

நல்ல கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும். உள்ளே பொள்ளலாக இருந்தால் ‘டொக்’. நான் தட்டிக்கொண்டிருந்தபோது, காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு எஸ்டேட்டுக்குத் திரும்பிய ஓர் அக்கா நின்றார். பலமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்றேன். பக்கச் சுவரைத் தடவிவிட்டுச் சொன்னார்: “அது பாட்டுக்கு நிக்குது, மெதுவா அடிங்கம்மா.”

கம்பி எங்கே?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சத்தம் போட்டுக் காட்டும் கருவியைச் செல்வம் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. பேட்டரியை மாற்றினார். அப்போதும் இல்லை.

கம்பியே போடாமல், வளைவை மட்டும் நம்பிக் கட்டிய பாலம் என்று விளக்கினேன். ரயில் ஏறினால் வளைவு இறுகிக்கொண்டு, பாரத்தை இரண்டு கரைக்கும் தள்ளிவிடும். துருப்பிடிக்க உள்ளே கம்பி இல்லாததும் அதன் ஆயுளுக்கு ஒரு காரணம். செல்வம் யோசித்தார். “பாரம் ஏறினா இறுகுமா? நாலு பிள்ளைக்கு அப்பன் நான், இன்னும் இறுகலயே மிஸ்.”

பச்சைப் பெயிண்ட்

வளைவின் அடியில் ஒரு விரிசல். பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்த இரண்டு பெயர்களுக்குள் போய் மறைந்தது: சேவியர், லூர்து. அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. ஏணி வைத்துப் பெயிண்டைச் சுரண்டப் போனபோது, பாலத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாயா ரும்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். அவர்தான் சேவியர். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதாம். மனைவி லூர்து இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எனக்குக் கை வரவில்லை. “பார்த்துத்தான் ஆகணும் அங்கிள்” என்றேன். அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். “என் பேர்லேர்ந்து ஆரம்பிங்கம்மா. அவ பேருக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டா விட்டுடுங்க.”

அவர் பெயரின் கடைசி எழுத்தில் விரிசல் முடிந்தது. மேலோட்டமான விரிசல்தான்; பாலம் நிற்கும் என்றேன். தனியாக இருந்த ‘லூர்து’வை அண்ணாந்து பார்த்தார். அவர் பெயர் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல லா, என் பேரு எனக்கு ஞாபகம் இருக்கு.”

பாலத்தைச் சோதிக்க இத்தனை கருவி கொடுத்த அலுவலகம், பாலத்துக்கு வருகிறவர்களிடம் என்ன பதில் சொல்வது என்பதற்கு மட்டும் இதுவரை ஒரு பயிற்சியும் கொடுக்கவில்லை.