வெள்ளிக்கிழமை வாத்தியார்கள்

வாத்தியார் வேலைக்கு ஆள் பிடிப்பது மாதிரி சங்கடமான வேலை வாத்தியார் வேலையிலேயே கிடையாது. இதைப் படிக்கிற டீச்சர்மார்களுக்கும் சார்மார்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் இந்த வேலை வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள். அவர்களிடமே போய் "வர்றியா?" என்று கேட்க வேண்டும்.

மரக்காணம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழ் எடுத்தேன். ஒரு வருஷம் எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. வாத்தியார் ஆக விரும்பும் பிளஸ் ஒன் பிள்ளைகளைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு அழைத்துப் போய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைக்க வேண்டும். யார் அழைத்துப் போவது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை அது நடந்தது. ஆனால் முதல் செட்டுப் பிள்ளைகளைத்தான் இன்னும் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

யாருக்கு ஆசை?

முதல் நாள் வகுப்பில் நின்று, வாத்தியார் ஆக யாருக்கு ஆசை என்று கேட்டேன். போலீஸ், நர்ஸ், ஓட்டல் வேலை, வெளிநாடு என்று எல்லாம் சொன்னார்கள். வாத்தியாருக்கு மட்டும் ஒரு கையும் எழவில்லை. நானும் விடாமல் நின்றேன். கடைசியில் கலைவாணி என்ற பெண் காது வரைக்கும் மட்டும் கையைத் தூக்கினாள். அவள் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். ஏன் இந்த ஆசை என்று கேட்டால் தரையைப் பார்த்தாள்.

அப்புறம் தினேஷ் எழுந்தான். குப்பத்துப் பையன், அந்த வகுப்பிலேயே உயரமானவன். அப்பாவோடு படகில் போய் வந்து, முதல் பீரியடில் தூங்குகிறவன். உனக்கு எதனால் ஆசை என்று கேட்டேன். அப்போது சித்திரை வெயில் மாதிரி ஒரு ஜூலை மாதம். அவன் யோசிக்கவே இல்லை.

"எங்க கிளாஸ்ல ஓடுற ஒரே ஃபேன் உங்க டேபிளுக்கு மேலதான் இருக்குது டீச்சர்."

தினேஷின் தொண்டை

கடல் காற்றில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவனுக்கு. முதல் வெள்ளிக்கிழமை தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்குள் போய் "எல்லாருக்கும் வணக்கம்" என்று அவன் சொன்னதும் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. தினேஷ் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். குரலைக் குறைடா என்று கையைக் காட்டினேன்.

அவன் குறைத்தான். ரொம்பவே குறைத்துவிட்டான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரகசியம் மாதிரி "அம்மா" என்றான். பிள்ளைகளும் ரகசியமாக "அம்மா" என்றன. "ஆடு" என்றான். அவையும் "ஆடு" என்றன. அழுத குழந்தை நகர்ந்து நகர்ந்து வந்து அவன் முட்டியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பாடம் முழுக்க அந்தக் கிசுகிசுப்பிலேயே போனது. பக்கத்து வகுப்பிலிருந்த அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்ன டீச்சர், சத்தத்தையே காணோம், பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே பசங்களை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

கரும்பலகைக்கு ஒரு பாடம்

கலைவாணிக்கு இரண்டாம் வகுப்பு. பாடத்தை மனப்பாடமாக வைத்திருந்தாள். கையெழுத்தும் அச்சு மாதிரி. ஆனால் எழுதி முடித்தும் திரும்பவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே அதற்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மெதுவாகத் திரும்பச் சொன்னேன். திரும்பினால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். வாத்தியாரைப் பார்க்காமல் பிள்ளைகள் வேறு யாரைப் பார்ப்பார்கள் என்று நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சாக்பீஸ் கை தவறிக் கீழே விழுந்தது.

உள்ளே போய் நானே நடத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ஒரு குட்டிப் பெண் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. கலைவாணிக்கும் கரும்பலகைக்கும் நடுவில் புகுந்து நின்று, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க போர்டுகிட்ட சொல்றது எங்களுக்குக் கேக்கல."

ஒத்திகை

அடுத்த சில வாரம் எங்கள் பள்ளியிலேயே ஒத்திகை வைத்தேன். ஒருவர் டீச்சர், வகுப்பில் மற்றவர்கள் சேட்டைப் பிள்ளைகள். கலைவாணி தானாகப் பேச வரவில்லை என்றால் வேறு யாராவது மாதிரி பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது, பாதி வாக்கியத்தில் ஜன்னலைப் பார்ப்பது, "புரிஞ்சுதா? புரியலன்னா புரியலன்னு சொல்லு" என்று இழுப்பது எல்லாம் அப்படியே வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வராந்தாவில் போன கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.

"ஒரு டீச்சரையே எங்களால சமாளிக்க முடியல, நீங்க இன்னொண்ணு வேற ரெடி பண்றீங்களா?"

உப்பளத்தில்

பிளஸ் டூ வந்தது, வெள்ளிக்கிழமைப் பாடமும் தொடர்ந்தது. மழைக்காலம் முடிந்து பாத்திகளில் மறுபடி வேலை ஆரம்பித்த சமயம், கலைவாணி சில நாள் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அவள் வேலைக்குப் போகிறாள், பரீட்சையோடு படிப்பும் அவ்வளவுதான் என்று தினேஷ் வந்து சொன்னான். ஒரு காலையில் நான் உப்பளத்துக்கே போனேன். வெயில் ஏறும் முன்பே கண் கூசியது. அவள் அப்பா ஏழுமலை என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தன் அக்கா மகள் வானூரில் இருக்கிறாள், வாத்தியார் படிப்பு படித்து, தகுதித் தேர்வும் எழுதிவிட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் பில் போடுகிறாள் என்று சொன்னார். நான் வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். கலைவாணி தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணுக்கு வேலை கெடைக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், நாளைக்கே அனுப்புறேன்."

ஜன்னல்

அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவளை அனுப்புங்கள், நீங்களும் வந்து பாருங்கள் என்று கேட்டேன். அவர் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு பாத்திக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். பாடம் பாதி ஓடியபோது, ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஏழுமலை நிற்பதைப் பார்த்தேன். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கால் முழுக்க உப்புப் பூத்திருந்தது. உள்ளே கலைவாணி நரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நரியாக ஊளையிட்டாள், காக்காவாகக் கத்தினாள், சண்டை போட்ட இரண்டு பையன்களை ஒரு அதட்டலில் உட்கார வைத்தாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றார். பெல் அடித்ததும் என்னிடம் வந்தார்.

"வேலை கெடைக்குமோ கெடைக்காதோ, எனக்குத் தெரியாதுங்க. ஆனா எம் பொண்ணு இவ்ளோ சத்தமா பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன். படிக்கட்டும்."

படகு

தினேஷ் வாத்தியார் ஆகவில்லை. மார்க் போதவில்லை, அவன் அப்பாவுக்கும் முதுகு போய்விட்டது. கடலுக்குப் போய்விட்டான். எனக்கு அது ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தது. போன வருஷம் குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கடற்கரையில் நான்கைந்து பெரியவர்கள் ஒரு படகைச் சுற்றி நின்றார்கள். நடுவில் தினேஷ், புதிதாக வந்த ஜிபிஎஸ் மிஷினை எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று காட்டிக்கொண்டிருந்தான். ஒருவர் திரும்பத் திரும்பத் தப்பாக அழுத்தினார். அவனும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். நான் அவனுடைய டீச்சர் என்று தெரிந்ததும் அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார்.

"எங்க பசங்க சொல்லிக் குடுத்தா திட்டுறானுங்கம்மா. இவன் ஒருத்தன்தான் திட்டாம சொல்லித் தர்றான்."

கலைவாணியின் போன்

கலைவாணி இப்போது பெரிய முதலியார்சாவடி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பையன். அரசு வேலைக்கு இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கிறாள். சம்பளம் கம்மி, பஸ் டியூட்டி, பரீட்சைப் பேப்பர் கட்டு என்று மாதம் ஒரு தடவையாவது போனில் புலம்புவாள். நானும் கேட்டுக்கொள்வேன். போன வாரம் கூப்பிட்டபோது புலம்பவில்லை, குரலில் ஒரு பதற்றம். அவள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, டீச்சர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாளாம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வேணாம்மான்னு சொல்லத்தான் டீச்சர் எழுந்தேன், ஆனா திங்கக்கிழமை அஞ்சாங்கிளாஸ்ல ஒரு பாடம் எடுக்குறியான்னு கேட்டுட்டேன்."

இத்தனை வருஷம் இந்த வேலைக்கு ஆள் பிடித்ததில் எனக்குத் தெரிந்தது, இதற்கு வராதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் பாடம் மட்டும் எங்கள் யாருக்குமே நடத்த வராது.