காலியாக வைக்காத பீப்பாய்

1957 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு நஜீமுதீன் கொழும்புக்குக் கிளம்பினான். போகும்போது, தான் வேலை பார்த்த சலவைப் பட்டறையிலிருந்து ஒரு மரப் பீப்பாயை உருட்டிவந்து ராயபுரத்து வீட்டு வாசலில் நிறுத்தினான். பனியன் துணி வெளுக்கிற பிளீச்சிங் பவுடர் வந்த பீப்பாய்.

"தண்ணி ரொப்பி வெச்சுக்க, சபுரா. நான் வர்ற வரைக்கும் காலியா மட்டும் வெச்சராதே. ஆகாது."

அவன் மனைவி சபுரா பீவிக்கு அன்றே குமட்டியது. மரத்தில் ஊறிய காரநெடி புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, சாம்பல் போட்டும் போகவில்லை. அந்தத் தண்ணீரில் வடித்த சோறு பட்டறைச் சாக்கடையை மென்றதுபோல் இருந்தது. கைக்குழந்தை ஜுபைதாவுக்கு வாயெல்லாம் புண். மறுவாரமே குடிக்கக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினாள். ஆனால் பீப்பாயை நிரப்பாமல் விடத் துணிவில்லை. அது காலியானால் போனவன் திரும்பமாட்டான் என்று பயந்தாள்.

யாரும் வாயில் வைக்காத தண்ணீர். வருடங்கள் போகப் போக உள்ளே பாசி வழுக்கியது, புழு நெளிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு இறைத்துக் கொட்டுவாள். திரும்பவும் ஆறு குடம் சுமந்து ஊற்றுவாள்.

நாத்தனார் முனவர் பேகம் சிரிப்பாள். "ஏனுங்க மச்சி, எங்கண்ணன் இதுக்குள்ளயா ஒளிஞ்சிருக்காரு? இந்த ஊத்து ஊத்தறீங்க!"

"இருந்தா இந்நேரம் அழுகியிருப்பாருங்க."

பதினோரு வருடம் கழித்து முதல் கடிதம் வந்தது. எழுத்துத் தெரியாத சபுரா இடுப்புக் குடத்தோடு நிற்க, ஜுபைதா படித்தாள்.

'சபுராவுக்கு ஸலாம். இங்கே துறைமுகக் கிடங்கில் வேலை. பீப்பாய் என்பது நம் சொல்லே இல்லையாம். போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் "பீப்பா" என்றதுதான் நம் வாயில் அப்படி ஆனதாம். கூட வேலை செய்யும், அந்தப் போர்த்துகீசியர் வழிவந்த பறங்கியர் ஒருவர் சொன்னார். அதில் அவர்கள் மது அடைத்து வந்தார்களாம். கேட்டதிலிருந்து எனக்கு ஒரே அருவருப்பு. இங்கே என் சம்சாரம் மண்பானையில்தான் தண்ணீர் வைக்கிறாள். பிள்ளைகள் இரண்டும்…'

ஜுபைதா நிறுத்தினாள்.

சபுரா வாயில் ஊறிய எச்சிலைத் தெருவில் துப்பினாள். "மிச்சத்தையும் படி, கண்ணு."

'…அதைத்தான் குடிக்கின்றன. இனி அந்தப் பீப்பாயை நிரப்ப வேண்டாம். காலியாகவே இருக்கட்டும்.'