சர்வீஸ்ல இருக்கிற வண்டி

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின அட்வென்சர் பைக்ல இன்னிக்குத்தான் முதல்முறையா வல்லம் வடகால்ல இருக்கிற என் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பினேன். சீட்டு ரொம்ப உயரம், நிறுத்தினா கால் கட்டைவிரல்தான் தரையில படுது.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில நின்னேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அக்கா வந்து டேங்கைத் தொட்டாங்க. அங்க ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.

"இது எங்க பாப்பா ஒட்டுனது. எங்க வூட்டுக்காரர் வண்டி சர்வீஸ்ல கீதுன்னாரே?"

வேலை போயிடுச்சுன்னு சொல்லித்தான் அவர் எனக்கு வித்தார்.

"ஆமாக்கா, சர்வீஸ்தான். ட்ரையல் பாக்க எடுத்துகினு வந்தேன்."

"சீக்கிரம் குடுத்துடுப்பா. பாவம், தெனமும் பஸ்லதான் ஷிப்டுக்குப் போறாரு."

தலையாட்டிட்டு வந்துட்டேன். அவர் வீட்ல சொல்ற வரைக்கும் நான் மெக்கானிக்குதான். ஸ்டிக்கரை உரிக்க மனசு வரல.

சுங்குவார்சத்திரம் தொடாம வல்லம் வடகாலுக்கு வேற ரூட் இருந்தா சொல்லுங்கப்பா.