கப்போரால் சாப்பிட்டுவிட்டான்

"…ஊட்டினா வாங்கிக்குது இல்லண்ணா, அப்புறம் என்னாத்துக்கு டாக்டரு? கழுத்துல லேசா பல்லு பட்ருக்கு, மஞ்சள் கொழச்சி போட்டுட்டேன். சாப்புடற நாய்க்கு என்னா வந்துடப் போவுது?"

எதிர்வீட்டு மாலதி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கையில் பால் பாக்கெட்டோடு அவள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவள் குடிவந்தபோது கூடவே வந்தது ரோசி. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். முந்தின நாள் காலையில் தெருமுனை நாய்களோடு சண்டை. இப்போது துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே நிழலில் படுத்திருந்தது. என்னைப் பார்த்தால் கேட்டின்மேல் ஏறிக் குதிக்கிற நாய், வாலின் நுனியை மட்டும் அசைத்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது அந்த வாசனை வந்தது. நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள்.

மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனையாக இருக்கும். எனக்குக் குருசுக்குப்பத்து வீடு ஒன்றின் பின்கட்டு வாசனை.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து நான் புதுச்சேரிக்கு வந்த புதிது. குருசுக்குப்பத்தில் கடல் சத்தம் கேட்கிற ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் கையில் செந்தூளாக உதிரும். வீட்டுக்காரர் பெயர் ஜெரார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்பார்கள். ஐயா என்பதற்குப் பதிலாகத் தெரு முழுக்க அவரை முசியே என்று கூப்பிட்டது. அவர் மனைவி மரி, எல்லோருக்கும் மதாம். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மதாம் கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் ஆய உட்கார்ந்தால், மீன்காரம்மாவோடு பேரம் பேசுகிற தமிழ் கடல்வரைக்கும் போகும்.

மூன்றாவது ஆள்தான் கப்போரால். பாதி நாட்டு நாய், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. உடம்பெல்லாம் வழுவழுவென்று இருக்கும். கழுத்தைச் சுற்றி மட்டும் சிங்கம் மாதிரி அடர்ந்த மயிர். பட்டாளத்தில் முசியே இருந்த பதவிக்கு ஒரு படி கீழே இருக்கிற பதவியின் பெயராம் அது. "எனக்குக் கீழ ஒருத்தன் இருக்க வேணாமா தம்பி?" என்று மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார். உள்ளேயிருந்து மதாம், "ஏன், நான் ஒருத்தி கீழ கெடக்கறது பத்தலையா?" என்பார். "நீ ஜெனரால் இல்ல?" என்று இவர் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். தெருப் பிள்ளைகளுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. "டேய் கப்பலு!" என்று கூப்பிடுவார்கள். அதற்கும் அவன் திரும்பிப் பார்ப்பான்.

எனக்கு நாய் என்றாலே தொடை நடுங்கும். குடிவந்த முதல் வாரம் டிபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் மாடிப்படி ஏறினேன். கப்போரால் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மனிதர்களில் இப்படியும் ஒரு ஜாதி நடக்கும்போல என்று நினைத்திருப்பான்.

அவன் சாப்பிடுவதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். முசியே அலுமினியத் தட்டில் சோறும் மீன் குழம்பும் பிசைந்து முன்னால் வைப்பார். கப்போரால் உட்கார்ந்துவிடுவான். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொடும். ஆனாலும் அசைய மாட்டான். முசியே வந்தவர்களோடு ஊர்க்கதை பேசுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். எல்லாம் முடிந்து அவனைப் பார்த்து, "மான்ஜ்!" என்பார். பிரெஞ்சில் சாப்பிடு என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் தலை தட்டுக்குள் போய்விடும். மான்ஜ் சொன்னால் சாப்பிடாமல் இருக்க மாட்டான். சொல்லாமல் சாப்பிட மாட்டான். "வாயில்லா ஜீவன பட்டாளத்துல சேத்துட்டாரு பாவி மனுஷன்" என்று மதாம் தலையில் அடித்துக்கொள்வார்.

சொல்லாமல் சாப்பிட மாட்டான் என்கிற இரண்டாவது பாதி பொய் என்பது உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். கப்போராலுக்கு, மதாமுக்கு, மாடி ஜன்னலில் நின்ற எனக்கு. மத்தியானம் முசியே கண்ணயர்ந்ததும் பின்கட்டுப் படியில் மதாம் வந்து உட்கார்வார். ஆய்ந்த மீன் தலைகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் பார்த்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். "வாடா கண்ணு, ஒங்க மேலதிகாரி கொறட்ட வுடறாரு." அவனும் உத்தரவு கித்தரவு எதற்கும் காத்திருக்காமல் உள்ளங்கையை நக்கித் தீர்ப்பான். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்ட அன்று மதாம் விரலை உதட்டில் வைத்தார். "தம்பி, மேல பாத்தத மேலயே வச்சுக்கோ. மனுஷன் கேட்டா மனசு ஒடஞ்சிருவாரு. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, கடற்கரையில் படகு இழுத்துப் போட்டிருந்த இடத்தில் நாலைந்து நாய்கள் சேர்ந்து கப்போராலைப் புரட்டிவிட்டன. முசியே கைத்தடியால் அடித்து விரட்டி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தானாகத்தான் நடந்து வந்தான். கழுத்து மயிரில் ரத்தம் ஒட்டியிருந்தது. கழுவி விலக்கிப் பார்த்தால் சின்னச் சின்னதாக ஓட்டைகள், பெரிய ஊசி குத்தினாற்போல. "இதெல்லாம் ஒரு காயமா? அல்ஜேரியால நாங்க பாக்காததா? வருஷா வருஷம் ஊசி போட்ட நாயி இது, பயப்படாத" என்று மதாமிடம் சொன்னார். மதாம் மஞ்சள் குழைத்து ஓட்டைகளை அடைத்தார்.

அன்றைக்குத் தெருவே வந்து விசாரித்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சாப்புட்டானா?"

நம் ஊரில் உடம்புக்கு அளவுகோல் அதுதானே. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போனால் ஜுரம் எவ்வளவு என்று கேட்க மாட்டோம். கஞ்சி குடித்தாரா என்று கேட்போம். குடித்தார் என்றால் பாதி பாரம் இறங்கிவிடும். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர், யார் வீட்டு வியாதியைப் பற்றிப் பேசினாலும், "எல போட்டு உக்காந்து சாப்புடறான்னா எமன் வெளியதான் நிக்கணும்" என்பார். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு மாடியிறங்கி வந்து அதை முசியேவிடம் நானே சொன்னேன். சிரித்தார். தட்டை வைத்தார். மான்ஜ் என்றார். கப்போரால் சாப்பிட்டான்.

மறுநாளும் சாப்பிட்டான். கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாக. முசியே காலித் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"கண்ணு சரியில்லைங்க அவனுக்கு. ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோமே" என்றார் மதாம்.

"கண்ணு சரியில்லன்னா நீ கண்ணாடி போடு. தட்டு காலியா இல்லையா, அத சொல்லு."

அன்று மத்தியானம் பின்கட்டுப் படியில் மதாம் வெகுநேரம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கப்போரால் உள்ளங்கையை முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, மனம் கேட்காதவன் மாதிரி, மதாமின் மணிக்கட்டை மட்டும் ஒருமுறை நக்கினான்.

மதாம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். "தம்பி, மத்தித் தலைய வேணாங்கறான் இவன்."

"முசியேகிட்ட சொல்லுங்க மதாம்."

"என்னான்னு சொல்ல? நான் திருட்டுத்தனமா குடுத்தேன், அத அவன் திங்கலன்னா? இத்தன வருஷமா அவரு ஏமாந்தத இன்னைக்கா சொல்றது?" சிரிக்கத்தான் பார்த்தார். "நாளைக்கு சரியாயிடுவான். அவரு வச்சா தின்றானே."

அதுதான் அந்த வீட்டில் இருந்த முடிச்சு. ஒருவர் கையில் தட்டு காலி என்கிற சாட்சி. இன்னொருவர் கையில் திங்காத மீன்தலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாமல் நடுவில் ஒரு சின்ன, பிரியமான திருட்டு.

அதற்கு அடுத்த நாள் காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெருக்கப் போன மதாம் விளக்குமாற்றோடு அப்படியே கூடத்துக்கு வந்தார். நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். முசியே சவரம் செய்துகொண்டிருந்தார், ஒரு கன்னத்தில் நுரை.

"தின்னதெல்லாம் தொட்டிக்குப் பின்னாடி கெடக்குதுங்க. முழுசு முழுசா சோறு. ஒங்க பேச்ச மீற முடியாம தின்னுட்டு, மறைவா போயி வாந்தி எடுத்திருக்குது. நான் குடுத்தா திங்கல."

"நீ எப்ப குடுத்த?"

"தெனமுந்தான் குடுப்பேன். நீங்க தூங்கறப்ப."

மான்ஜ் சொல்லாமலா என்று கத்துவார் என நினைத்தேன். அவர் கண்ணாடியில் மதாமைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து வேணாங்கறான்?"

"நேத்து மத்தியானத்துலேருந்து."

முசியே திரும்பினார். நுரையைத் துண்டால் துடைத்தார், சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், யாரும் சொல்லவில்லை. நான் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுக்காரர். நாங்கள் மூவருமாகக் கப்போராலை மேஜைமேல் தூக்கி வைத்ததும், "சாப்புடறானா?" என்றுதான் அவரும் கேட்டார். பழக்கத்தில் முசியே, "சாப்புடறான்" என்றார். டாக்டர் டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட்டை நீட்டினார். கப்போரால் அதைப் பார்க்கக்கூட இல்லை. முசியே குனிந்து, அவன் காதருகில், எங்களுக்கே லேசாகத்தான் கேட்ட குரலில், "மான்ஜ்" என்றார்.

அவன் வாயைத் திறந்து பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டு முசியேவைப் பார்த்தபடி இருந்தான். எச்சிலில் அது ஊறி ஊறி மேஜையில் சொட்டியது. வால் மட்டும் ஒரு தடவை தட்டியது.

டாக்டர் இரண்டு விரலால் மெல்ல அந்தப் பிஸ்கட்டை எடுத்துப் போட்டார். "ஐயா, இனிமே அந்த வார்த்தைய அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றார்.

கழுத்து மயிரை மிஷினால் வழித்தபோதுதான் தெரிந்தது. வெளியே ஊசி குத்து; உள்ளே தோலெல்லாம் கழன்று, காதிலிருந்து தோள்வரை கறுத்து வீங்கியிருந்தது. மேலே மஞ்சள் காய்ந்து ஓட்டைகள் அடைந்துகிடந்தன. டாக்டர் ஒன்றைக் கீறியதும் வந்த வாசனையில் நான் வெளியே போய்விட்டேன். உள்ளே அவர் சொல்வது கேட்டது: நாய்க்கடி வெளியே சின்னதாகத்தான் தெரியும், பல் உள்ளே போய்த் தசையைக் கிழித்திருக்கும், கடிபட்ட அன்றே காட்டியிருந்தால் கழுவி, மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர்கள் இருவரும் கொஞ்சம் அழுதிருப்பார்கள்.

சீழை எடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார், ஊசி போட்டார். அடுத்த நாள் மத்தியானம் கப்போரால் பின்கட்டுப் படியிலேயே போய்விட்டான், தலை மதாமின் மடியில். வழித்த கழுத்தோடு வேறு யாரோ ஒரு நாய் மாதிரி இருந்தான். பவழமல்லி மரத்தடியில் முசியேவும் நானும் குழி வெட்டினோம். அலுமினியத் தட்டையும் கூடவே வைக்கலாமா என்று கேட்டேன். மதாம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

உங்கள் மான்ஜ்தான் கொன்றது என்று மதாம் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று முசியேவும் கேட்கவில்லை. சொல்லிச் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று மாடியில் படுத்துக்கொண்டு நான் நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, எனக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டு, "அ தாப்ல்!" என்று முசியே வீடு அதிரக் கூப்பிடுவார், எல்லோரும் சாப்பிட வாங்க என்று அர்த்தம். அதற்குப்பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் இலையை மதாம் பார்ப்பார். மதாமின் முகத்தை அவர் பார்ப்பார். "பசிச்சாதான் சாப்புடு, எனக்காக சாப்புடாத" என்று ஒருநாள் மதாமிடம் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது முசியே இல்லை. மதாம் கடைசிக் காலத்தில் மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார். என்ன ஆனார் என்று கேட்டுச் சொல்லவும் தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்கு மஞ்சள் சாயம் அடித்துத் தங்கும் விடுதி ஆக்கிவிட்டார்கள். ஒருமுறை உள்ளே போய் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன். படியை இடித்து, மரத்தை எடுத்து, சிமெண்டு போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பிரெஞ்சில் எழுதி மாட்டியிருந்தார்கள். பவழமல்லி நின்ற இடத்தில் ஒரு பிள்ளை செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தது. காப்பியை முழுசாகக் குடிக்க முடியவில்லை.

இவ்வளவையும் மாலதியிடம் கேட்டில் நின்று எப்படிச் சொல்வது? பால் வேறு திரிந்துவிடும்.

"ஊட்டாம, தட்டுல வச்சா சாப்புடுதாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்காக நாலு வாயி வாங்கிக்கும்ணா" என்று சிரித்தாள் மாலதி. சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்ணா?"

"ஒண்ணும் இல்ல. தட்ட வச்சிட்டு, ஒண்ணும் சொல்லாம கொஞ்சம் தள்ளி நில்லேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் உள்ளே போய் முட்டை பிசைந்த சோற்றைக் கொண்டுவந்து ரோசிக்கு முன்னால் வைத்தாள். சாப்புடுடி என்று சொல்ல வாய் திறந்தவள், கையால் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ரோசி சோற்றைப் பார்த்தது. மாலதியைப் பார்த்தது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது. பிறகு தலையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மாலதி தட்டை அங்கேயே விட்டுவிட்டு, நைட்டிமேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாயை இரண்டு கையாலும் தூக்கினாள்.